இறங்கும்போது ஒரு வாய்ப் பால்!

ஆகாய விமானம் என்றால் ஒரு காலத்தில் மந்திரிகளும் கம்பெனி டைரக்டர்களும் ஏறுகிற வாகனம் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தோம். இன்று அப்படியா? பிறந்து மூன்று மாதம் ஆன பிரஜைகள்கூட அம்மாவின் மடியில் ஜம்மென்று அமர்ந்து டில்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் பறந்து கொண்டிருக்கிறார்கள். பாட்டிக்குப் பேரனைக் காட்ட வேண்டும். குலதெய்வத்தின் கோவிலில் முடி இறக்க வேண்டும். துபாயில் உத்தியோகம் பார்க்கும் அப்பாவிடம் பெண்ணைக் கொண்டு சேர்க்க வேண்டும். காரணங்களுக்கா பஞ்சம்?

இந்தக் குட்டிப் பிரயாணிக்காக வீட்டில் நடக்கும் ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டுமே! மாற்றுத் துணி ஒரு டஜன், கிலுகிலுப்பை, கம்பளிக் குல்லாய், பால் புட்டி, திருஷ்டிப் பொட்டுக்கு மை எல்லாம் மறக்காமல் பைக்குள் போய்விடுகின்றன. ஆனால், விமானத்தில் குழந்தைக்குச் சங்கடம் கொடுக்கப் போகிற ஓர் அவயவத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அதுதான் காது.

பிறகு என்ன ஆகிறது? இரண்டு மணி நேரம் சமர்த்தாகத் தூங்கிய குழந்தை, விமானம் இறங்க ஆரம்பித்ததும் திடீரென்று வீறிட்டு அழுகிறது. தோளில் போட்டுத் தட்டினாலும் நிற்பதில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினாலும் நிற்பதில்லை. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பக்கத்து ஆசனத்து அம்மாள், "குழந்தைக்கு வயிற்று வலியோ என்னவோ" என்கிறாள். தாயாருக்கோ முகம் சிவந்து, கண்ணில் நீர் தளும்புகிறது. 'எனக்குக் குழந்தையைப் பார்த்துக் கொள்ளத் தெரியவில்லை என்று நினைப்பார்களோ?' என்ற வேதனை வேறு.

அம்மா, உங்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை. குழந்தைக்கு வயிற்றிலும் ஒன்றும் இல்லை. காது அடைத்துக் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் அடைக்கிறது. நாம் எச்சிலை விழுங்கிச் சமாளித்து விடுகிறோம். குழந்தைக்கு அந்த வித்தை தெரியாது. அதை நாம்தான் செய்விக்க வேண்டும். எப்படி என்று பார்க்கலாம்.

காதுக்குள் ஒரு கதவு

காதின் துவாரத்துக்கு உள்ளே மெல்லிய தோல் ஒன்று மத்தளத்தின் தோல் போல இழுத்துக் கட்டியிருக்கிறது. செவிப்பறை என்று அதற்குப் பெயர். அதற்கு அந்தப் பக்கம் காற்று நிரம்பிய சின்ன அறை ஒன்று உண்டு. அதுதான் நடுக்காது. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத் தொண்டைக்கு ஒரு குழாய் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இதை விவரித்து எழுதிய இத்தாலிய வைத்தியர் யூஸ்டாக்கியின் பெயரால் இதை 'யூஸ்டேக்கியன் குழாய்' என்கிறார்கள்.

இந்தக் குழாய் எப்போதும் திறந்து கிடப்பதில்லை. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கண நேரம் திறந்து மூடுகிறது. அந்தச் சிறு பொழுதில் உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் சமாதானம் செய்து கொள்கின்றன. இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் செவிப்பறைக்கு நிம்மதி. ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்தால் தோல் இழுபடுகிறது. வலி எடுக்கிறது.

ஊட்டிக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊட்டி சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. பஸ் மலையை விட்டு இறங்கி மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போது காது 'கும்'மென்று அடைத்து, எச்சிலை விழுங்கியதும் 'டப்'பென்று திறந்து கொள்ளும். விமானத்தில் நடப்பதும் இதே கதைதான்.

"விமானம் 35,000 அடி உயரத்தில் அல்லவா பறக்கிறது? ஊட்டியோடு அதை ஒப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அத்தனை உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான். ஆகையால் இயந்திரங்களின் உதவியால் விமானத்துக்குள் காற்றைச் செலுத்தி, அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். அப்படியும் கடற்கரை ஊரில் இருப்பது போன்ற அழுத்தத்தை வைப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருப்பது போலத்தான் வைக்கிறார்கள். ஆக, ஜன்னலுக்கு வெளியே 35,000 அடி. உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம் ஊட்டியில்! ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலை ரயில் மணிக்கணக்கில் இறங்குகிறது. விமானத்திலோ ஏறக்குறைய அரை மணியில் அந்த இறக்கம் முடிந்துவிடுகிறது. காது திணறாமல் என்ன செய்யும்?

முதல் காது வலிக்காரர்

இந்த வலி மனிதன் ஆகாயத்தில் ஏறிய முதல் வருஷமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. 1783 டிசம்பர் 1ஆம் தேதி ஜாக் சார்ல்ஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பாரிஸ் நகரில் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனில் ஒரு தோழருடன் ஏறிப் பறந்தார். சுகமாக இறங்கிய பிறகு ஆசை விடவில்லை. தோழரை இறக்கிவிட்டு, தாம் மட்டும் மறுபடி கிளம்பினார். பாரம் குறைந்த பலூன் விர்ரென்று சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. அஸ்தமித்த சூரியனை அன்று இரண்டாம் முறையாகக் கண்ட ஆனந்தத்தில் இருந்தவருக்கு, வலது காதுக்குள் பொறுக்க முடியாத வலி! அவர் கீழே இறங்கி வந்தார். அதற்குப் பிறகு அவர் பலூனில் ஏறவே இல்லை.

அந்த மேதாவிக்கே அந்தப் பாடு என்றால், ஆறு மாதக் குழந்தை அழுவதில் ஆச்சரியம் என்ன?

குழந்தைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பெரியவர்களின் குழாய் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம். வீட்டுக் கூரை போல நன்றாகச் சரிந்திருக்கும். குழந்தையின் குழாயோ அதில் பாதி நீளம்தான். குறுகலானது, ஏறக்குறையப் படுக்கை வாட்டமாகவும் கிடக்கும். ஜலதோஷத்தில் சிறிது வீங்கினாலும் அடைத்துக் கொள்ளும். ஏழு வயது வாக்கில்தான் அது பெரியவர்களுடையதைப் போல ஆகிறது.

ஏற்றமா, இறக்கமா?

விமானம் கிளம்பும்போது எல்லோரும் குழந்தையைக் கவனிக்கிறார்கள். உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது இறங்கும் நேரத்தைத்தான். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்து கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக் காற்று உள்ளே போக வேண்டும். அப்போது குழாயின் தொண்டைப் பக்கத்து வாய், வெளியிலிருந்து தள்ளத் தள்ள இறுக மூடிக் கொள்ளும் கதவைப் போல் நடந்து கொள்கிறது. விழுங்கினால்தான் திறக்கும்.

ஆகையால் சூட்சுமம் இவ்வளவுதான்: விமானம் இறங்கும் அரை மணி நேரமும் குழந்தை எதையாவது சப்பி விழுங்கிக் கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தாய்ப்பாலை விடச் சிறந்த மருந்து இல்லை. காசும் இல்லை, சீசாவும் இல்லை!

பாலுக்கும் ஒரு முகூர்த்தம்

இங்கேதான் பல தாய்மார்களின் கணக்கு தவறிவிடுகிறது. குழந்தை சிணுங்கியதும் நடுவானில் வயிறு முட்டப் பாலைக் கொடுத்து விடுகிறார்கள். இறங்கும் வேளையில் குழந்தை வாயைத் திறக்க மறுக்கிறது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறோமே, அதுபோல இந்தப் பாலுக்கும் முகூர்த்தம் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது: எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்தியதும் பாலைக் கொடுக்கத் தொடங்காதீர்கள். விமானம் ஓடுபாதையின் முனையில் தன் முறைக்காகக் காத்து நிற்கலாம். அது எழும்புவதற்குள் குழந்தை குடித்து முடித்துத் தூங்கிவிடும். ஓடுபாதையில் வேகம் பிடிக்கும் சமயத்தில் தொடங்குங்கள்.

நடுவானில்: வீட்டில் கொடுக்கும் வேளைப்படி கொடுங்கள். ஆனால் இறங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் வயிற்றை நிரப்பிவிடாமல், கொஞ்சம் பசி மிச்சம் இருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். பட்டினி போடச் சொல்லவில்லை. அடுத்த வேளைப் பாலைச் சிறிது முன்பின்னாக நகர்த்திக் கொண்டால் போதும்.

இறங்கும்போது: "பெல்ட் போட்டுக் கொள்ளுங்கள்" என்ற அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே இறக்கம் ஆரம்பித்திருக்கலாம். விமானப் பணிப்பெண்ணிடம், "இறங்கத் தொடங்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா, குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள். சென்னையிலிருந்து மதுரைக்குப் போவது போன்ற சிறு பிரயாணங்களில் ஏறி முடித்த சுருக்கிலேயே இறக்கமும் வந்துவிடும் என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

சேர்ந்தாற்போல் அரை மணி பால் குடிக்கிற குழந்தை அபூர்வம். ஆகவே சிறிது கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுங்கள். சக்கரம் தரையைத் தொடும் வரை இப்படிச் சமாளிக்க வேண்டும். உங்களுடைய பெல்ட்டையும், மடிக் குழந்தைக்கென்று தனியாகத் தரும் சின்னப் பெல்ட்டையும் போட்டுக் கொண்ட பிறகே இதெல்லாம். குழந்தையை எப்படிப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று பணியாளர்கள் சொல்கிறார்களோ, அப்படியே செய்யுங்கள்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துப் பால் கொடுக்காதீர்கள். தலை நன்றாக உயர்ந்து இருக்கட்டும். குழாய் படுக்கை வாட்டம் என்று சொன்னேன் அல்லவா? தலை தாழ்ந்திருந்தால் பால் அதன் பக்கம் ஏறக் கூடும்.

பால் புட்டிக் குழந்தைகளுக்கும் இதே முறைதான். புட்டியும் பாலும் கைப்பையிலேயே இருக்கட்டும். வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிக்கு மேல் தண்ணீர் வகைகள் கூடாது என்ற கட்டுப்பாடு, பிரயாணத்துக்கு வேண்டிய குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் கிடையாது. சோதனையின்போது எடுத்துக் காட்டினால் போதும்.

பாலாடையில் புகட்டிப் பழக்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆடும் விமானத்தில், அழும் குழந்தையின் வாயில் பாலாடையைச் சாய்க்காதீர்கள்; புரையேறிவிடும். அழுகை ஓய்ந்த பிறகு, சொட்டுச் சொட்டாகப் புகட்டுங்கள். பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும் குழந்தைக்கு ரப்பர் சூப்பானும் உதவும். சப்பச் சப்ப உமிழ்நீர் ஊறும். ஊறினால் விழுங்கத்தானே வேண்டும்? ஆனால் சூப்பானைத் தேனில் தோய்க்கிற வேலை மட்டும் வேண்டாம். ஒரு வயது நிரம்பும் வரை தேன் கூடவே கூடாது.

"எங்கள் பிள்ளைக்கு இரண்டு வயதாகிவிட்டதே!" என்கிறீர்களா? ரொம்ப சௌகரியம். ஸ்ட்ராவில் தண்ணீரோ மோரோ உறிஞ்சச் சொல்லுங்கள். இட்லியை விண்டு சின்னச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். "சிங்கம் எப்படிக் கொட்டாவி விடும்?" என்று கேட்டு வாயைப் பிளக்க வையுங்கள். கெட்டி மிட்டாயும் சூயிங்கமும் பெரிய பிள்ளைகளுக்குத்தான். சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கிக் கொள்ளும்.

குழந்தை தூங்கினால்?

தூக்கத்தில் நாம் விழுங்குவது குறைவு. ஆகையால் இறக்கம் தொடங்கும்போது குழந்தையை மெதுவாக எடுத்து மார்போடு அணைத்துப் பாலைக் கொடுப்பது நல்லது. பல குழந்தைகள் அரைத் தூக்கத்திலேயே குடித்துவிடும். எழுப்பியும் எழுந்திராமல், முகம் சுளிக்காமல் நிம்மதியாகத் தூங்குகிறதா? அதைப் பிடித்து உலுக்க வேண்டாம். எழுந்தவுடன் கொடுக்கத் தயாராக இருங்கள், போதும்.

ஜலதோஷம் பிடித்திருந்தால்?

இதுதான் கஷ்டமான கேள்வி. நாளைக் காலையில் விமானம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாயிற்று. ஊரில் நாத்தனார் கல்யாணம். இங்கே குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, இராத்திரி முழுவதும் காதைப் பிடித்துக் கொண்டு அழுகிறது. மாமியார், "குழந்தை என்றால் சளி பிடிக்காமல் இருக்குமா? கிளம்பு, கிளம்பு" என்கிறார். என்ன செய்வது?

வெறும் மூக்கடைப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் போகலாம். டாக்டர் சொல்லும் உப்பு நீர்ச் சொட்டை இறங்குவதற்குச் சற்று முன்பு மூக்கில் விட்டால் சுவாசம் இளகிப் பால் குடிப்பது எளிதாகும். ஆனால் ஜுரம், காது வலி, காதில் சீழ் இவற்றில் எது இருந்தாலும் குழந்தை டாக்டரைப் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள். நடுக்காதில் நீர் கோத்துக் குழாய் அடைத்திருக்கும் நிலையில், எவ்வளவு பால் கொடுத்தாலும் அந்தக் கதவு திறக்காமல் போகலாம். வலி மிகுந்து, சில சமயம் செவிப்பறையில் இரத்தம் கட்டுவதும் கிழிவதும் உண்டு. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, போகலாமா கூடாதா என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அவர் "இரண்டு நாள் பொறுங்கள்" என்றால் பொறுக்கத்தான் வேண்டும். மாமியாரிடம் டாக்டரின் வார்த்தையாகவே சொல்லிவிடலாம். உங்கள் பேரில் வருத்தம் வராது. டிக்கெட்டை மாற்றிக் கொள்ளலாம். காதை மாற்ற முடியுமா?

வேண்டவே வேண்டாம்

தூக்க மருந்து: "ஒரு ஸ்பூன் ஜலதோஷ மருந்து கொடு, ஊர் போய்ச் சேரும் வரை எழுந்திருக்காது" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவு செய்து கேட்காதீர்கள். 2023 டிசம்பரில் நமது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சீசாவிலேயே அச்சிட வேண்டும் என உத்தரவிட்டது. மயக்க மருந்து குழந்தையின் சுவாசத்தை மந்தப்படுத்தலாம். சில குழந்தைகளுக்கு எதிரிடையாக முரட்டு அழுகையை உண்டாக்கலாம். இன்னொன்றையும் யோசியுங்கள்: மயங்கிக் கிடக்கும் குழந்தை விழுங்குவதில்லை. மருந்தைக் கொடுத்து, உண்மையான மருந்தைப் பறிக்கிறோம்!

எண்ணெய்ச் சொட்டு: அடைப்பு இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் எண்ணெயை விட்டு என்ன பயன்?

பஞ்சு: முன்பெல்லாம் நம் நாட்டு விமானங்களில் தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டு வந்து நீட்டுவார்கள். பஞ்சு இரைச்சலுக்கு, மிட்டாய்தான் காது வலிக்கு! பலரும் தலைகீழாக நினைத்துக் கொண்டிருந்தார்கள். பஞ்சால் காற்றழுத்தத்தைத் தடுக்க முடியாது.

சுடு டம்ளர்: வெந்நீரில் நனைத்த துணியை டம்ளரில் அடைத்துக் காதில் கவிழ்க்கிற வைத்தியமும் ஒன்று உண்டு. ஒரு சொட்டுச் சிந்தினாலும் பிஞ்சுத் தோல் வெந்துவிடும்.

மூக்கைப் பிடிப்பது: மூக்கைப் பிடித்து, வாயை மூடி மெதுவாக ஊதும் உபாயத்தைப் பெரியவர்கள் செய்து கொள்ளலாம். குழந்தையின் மூக்கைப் பிடிக்காதீர்கள்.

அப்படியும் அழுதால்?

எல்லாம் முறையாகச் செய்தும் சில குழந்தைகள் அழத்தான் அழும். அழட்டும். ஒரு ரகசியம் சொல்லுகிறேன்: அழுகையும் ஒரு வைத்தியம்தான். வீறிட்டு அழும் குழந்தை இடையிடையே வாயை அகலத் திறக்கிறது. விக்கி விக்கி விழுங்குகிறது. அப்போதெல்லாம் அந்தக் கதவு திறக்கிறது. ஆகையால் பதறாதீர்கள். தோளோடு நிமிர்த்திப் பிடித்து, முதுகைத் தடவி, அழுகை சற்று ஓயும்போது மறுபடி பாலைக் காட்டுங்கள்.

கூட வரும் அப்பாமார்களே! நீங்கள் பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக் கொள்ளும் நேரம் இதுவல்ல. புட்டியை எடுத்துக் கொடுங்கள். துப்பட்டாவையோ சால்வையையோ பிடித்து மறைவு செய்து கொடுங்கள். பக்கத்து ஆசனக்காரர்களே! திரும்பி முறைப்பதற்குப் பதில், "காது அடைக்கிறது போலிருக்கிறது, அம்மா, இதோ சரியாகிவிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்தத் தாயாரின் பாதி பாரம் இறங்கிவிடும்.

தரையைத் தொட்டதும் பெரும்பாலும் குழந்தை தெளிந்துவிடும். சிலருக்குச் சில மணி நேரம் காது மந்தமாக இருக்கலாம். அன்று இரவும் ஓயாமல் அழுதாலோ, காதைப் பிய்த்துக் கொண்டே இருந்தாலோ, ஜுரம் வந்தாலோ, காதிலிருந்து நீரோ இரத்தமோ கசிந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. பிறந்து எத்தனை நாளான குழந்தையை ஏற்றிக் கொள்வார்கள் என்பதில் ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் ஒரு கணக்கு உண்டு. டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள். குறை மாதத்தில் பிறந்த குழந்தையானால் டாக்டரையும் கேளுங்கள்.

அடுத்த முறை பெட்டி கட்டும்போது, எடுத்துப் போக வேண்டிய சாமான்களின் ஜாபிதாவில் கடைசி வரியாக இதை எழுதிக் கொள்ளுங்கள்: 'இறங்கும்போது ஒரு வாய்ப் பால்.' பெட்டியில் இடமும் அடைக்காது, எடையும் ஏறாது. ஊரில் காத்திருக்கும் பாட்டியிடம் பேரப் பிள்ளையை அழுத முகத்தோடு அல்ல, சிரித்த முகத்தோடு கொடுக்கலாம்!